சுவர் இல்லாத வாசல்

இன்று காலை, வீட்டை இடித்து முடித்த மனையில் அத்தையின் நிலைவாசல் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. சுவர்கள் போய்விட்டன. கூரை போய்விட்டது. உள்ளே இருந்த படிகளும் செங்கல் குவியலாகிவிட்டன. நடுவில் அந்தக் குட்டையான வேப்பமரச் சட்டம், மேல்கட்டையில் செதுக்கிய சின்னச் சிலுவையோடு, ஒரு பக்கம் சாலையையும் மறுபக்கம் வயலையும் காட்டிக்கொண்டு நின்றது. புது வீடு கட்ட வந்திருக்கும் இன்ஜினியர் தம்பி, "இதையும் புடுங்கிடலாமா மேடம்?" என்று கேட்டார். இந்த வாசலை இதே கோலத்தில், சுற்றிச் சுவரே இல்லாமல், நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பி.யு.சி. படிக்கிற வயது. அப்போதும் இதே கேள்வியைத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. காரைக்கால் அரசுப் பள்ளியில் தையல் டீச்சர். கல்யாணம் கூடிவரவில்லை; ஒவ்வொரு வரனும் கோயில் மணி மாதிரி ஓசையோடு வந்து ஓசை அடங்கிப் போனது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். எங்கள் வீட்டின் பின்கட்டு அறையில் இருந்தாள். முன்வாசலில் எப்போதும் யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர்கள் "இவங்களுக்கு இன்னும் முடியலையா?" என்று கேட்பதற்கு இடம் கொடுக்காமல், அத்தை கொல்லைக் கதவு வழியாகவே பள்ளிக்குப் போவாள், கொல்லைக் கதவு வழியாகவே திரும்பி வருவாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. வாழைக்கும் கிணற்றுக்கும் நடுவே குடையை மடக்கிக்கொண்டு அவள் நடந்து வருவது எனக்கு இயல்பான காட்சியாக இருந்தது.

கிராமத்தில் வீடு கட்டுகிற சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்றுக் கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கடன் கொடுக்கிறது என்று பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அத்தை தீர்மானித்துவிட்டாள். திருவேட்டக்குடி போகும் சாலையில், கடல் இரைச்சல் காற்றோடு வந்து போகிற இடத்தில், ஒரு சின்ன மனை வாங்கிப் போட்டிருந்தாள். "ஒத்த ஆளுக்கு எதுக்குக்கா வீடு?" என்றார் அப்பா. "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்னு சும்மாவா சொன்னாங்க?" அத்தை ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டாவதா சொன்னத நீங்க யாரும் பண்ணி வைக்கல தம்பி. மொதல்ல சொன்னதையாவது நான் பண்ணிப் பாக்குறேனே."

ஆனி மாதக் கடைசியில்தான் கடன் அனுமதி வந்தது. அனுமதி என்றால் பணம் இல்லை. சொந்தக் காசில் அஸ்திவாரம் போட்டுக் கடைக்கால் எழுப்பிக் காட்ட வேண்டும். ஓவர்சியர் வந்து பார்த்த பிறகுதான் முதல் தவணை. மழைக்காலத்துக்குள் காட்டாவிட்டால் அனுமதி ரத்தாகிவிடும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் அத்தைக்கு வேறு கவலை. ஆடி பிறந்துவிட்டால் நிலை வைக்கக் கூடாதே! ஆவணிவரை பொறுக்க அவளால் முடியவில்லை. நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வேதக்காரக் குடும்பம்தான். ஆனாலும் ஆடியும் மார்கழியும் எங்களுக்கும் ஆடியும் மார்கழியும்தான். மாதா கோயில் சாமியாருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார். அவரே வந்து தீர்த்தம் தெளிக்க, கொத்தனார் முணுமுணுக்க, ஆனி முடிவதற்குள் வெறும் தரையில் நாலு வரிசைச் செங்கல் கட்டி நிலையை நிறுத்திவிட்டார்கள். "கடைக்காலே போடல, அதுக்குள்ள நெலயா? தொட்டிலுக்கு முன்னாடி பேரு வச்ச கதையாவுல்ல இருக்கு," என்றார் கொத்தனார்.

ஆடி முழுக்க அந்த வாசல் வயல்வெளியில் தனியாக நின்றது. மாவிலைத் தோரணம் காய்ந்து சலசலக்கும். வாசல் வழியே பார்த்தால் தூரத்தில் பனைகளும் அதற்கு மேல் வானமும் மட்டும் தெரியும். அத்தை பள்ளி விட்டதும் நேரே அங்கே போவாள். என்னையும் கூட்டிப் போவாள். பக்கத்தில் அத்தனை வெட்டவெளி இருந்தும், வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். "இது ஹாலு, இது அடுப்படி" என்று வெறும் புல்லில் கையைக் காட்டுவாள். அவள் காட்டுகிற இடங்களில் நான் சுவரை மிதிக்காமல் நடப்பேன். சாயங்கால வெயில் வாசலுக்குள் புகுந்து புல்லில் நீளமாக விழும். அந்த வெளிச்சத்துக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்போம். அதைவிட அழகான வீட்டில் நான் பிறகு எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

ஆவணியில் கடைக்கால் வேலை தொடங்கும் முன் ஓவர்சியர் மனை பார்க்க வந்தார். ஒல்லியான மனிதர், சைக்கிளில் அளவு நாடா தொங்கும். ஒரே பார்வையில் உதட்டைப் பிதுக்கினார். "தாழ்ந்த தரை டீச்சர். மழைத் தண்ணி நிக்கிற எடம். தளம் ரோட்டுக்கு மேல முழங்காலளவு வரணும்னு ரூல் இருக்கு. அவ்வளவு ஒசத்துனா இந்த நெல பாதி பொதைஞ்சு போயிடும். புடுங்கிட்டு மேல வைங்க, நான் பாஸ் பண்ணிடறேன்."

"வச்ச நெலய புடுங்குறதாவது!" என்றாள் அத்தை. நட்ட நிலையைப் பிடுங்கினால் குடி நிலைக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சாமியாரே வந்து அதில் பாவம் ஒன்றுமில்லை என்று சொன்னார். அப்பா கெஞ்சினார். கடன் போனால் வீடே போச்சு, மரக்கட்டைக்காக வீட்டை விடுவார்களா என்றார். அத்தையின் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒங்களுக்கு அது கட்டை. நான் இத்தினி வருசமா ஒரு வாசல் வழியா போனதில்ல தம்பி," என்றாள். கொல்லைக் கதவு அன்றுதான் எங்கள் எல்லோருக்கும் கண்ணில் பட்டது.

ஓவர்சியர் சங்கடத்தோடு நாடாவைச் சுருட்டிக்கொண்டு, வயல் பக்கமாகச் சைக்கிளை நோக்கி நடந்தார். அந்த நேரத்திலும் அத்தை விடவில்லை. "ஓவர்சியர் சார், வந்த வழியாவே போங்க. வாச இருக்குல்ல?" அவர் திகைத்தார், பிறகு சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். வாசல்படியைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். கீழே பார்த்தார், திரும்பி உள்ளே பார்த்தார். "ஏன் டீச்சர், வாச கீழயே இருக்கட்டும். உள்ள நொழைஞ்சு படியேறிப் போனா என்ன? ரூலு அறைகளுக்குத்தான். வாச நடைக்கு யாரு கேட்டா?"

அப்படித்தான் அந்த வீடு வந்தது. குனிந்து நடையில் நுழைந்து, மூன்று படி ஏறிக் கூடத்துக்குப் போக வேண்டும். கிணற்றில் இறங்கி மாடி ஏறுகிற வீடு என்று ஊரே கேலி செய்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் வாசல் வழியாக மரியாதையாக உள்ளே வந்து, இரண்டாவது படியோடு நின்றுகொள்ளும். மூன்றாவது படியைத் தாண்டியதே இல்லை. அத்தை மேல்படியில் உட்கார்ந்து துணிக்குப் பொத்தான் காஜா எடுப்பாள். நடைத் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் அசைந்துகொண்டே இருக்கும். "தண்ணிகூட முன்வாச வழியாத்தான் வருது பாத்தியா," என்பாள். எண்பதுகள் முழுக்கச் சம்பளத்தில் தவணை பிடித்தார்கள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. கடைசியில் அந்த வாசல் வழியாகத்தான் அவளைக் கல்லறைக்குத் தூக்கிப் போனோம். பெட்டி இடிக்காமல் இருக்கச் சுமந்தவர்கள் எல்லாரும் குனிந்தார்கள்.

வீட்டை எனக்கு எழுதி வைத்திருந்தாள். சாலையைப் போடப் போட அது உயர்ந்துகொண்டே போய், இப்போது தண்ணீர் மூன்றாவது படியையும் தாண்டிவிட்டது. இடிக்காமல் முடியவில்லை. புது வீட்டுக்குக் கடன் கேட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. யாரும் சைக்கிளில் வந்து பார்க்கவில்லை.

"மேடம், என்ன செய்யலாம்?" இன்ஜினியர் தம்பி மறுபடி கேட்டார். வயல் பக்கத்திலிருந்து செங்கல் குவியலைத் தாண்டி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, அத்தையின் கூடம் இருந்த இடத்துக்குள் வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, அப்படி வராதீங்க," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "வாசல் வழியா வாங்க."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு சாலைப் பக்கம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே வந்தார்.