என்னோடு ஆடிய அக்கா

பேட்மின்டன் ஷட்டில்கள் அடைத்த புதுக் குழாயைத் திறந்ததும் அக்கா முதலில் செய்வது ஒன்றுதான். ஷட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் இறகு நுனிகளை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் மடித்துவிடுவாள். மடிக்காத ஷட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்டத்துக்கு உதவாது. நமுனுகுல மலையில், இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்ட பழைய தேயிலை ஸ்டோருக்குள்தான் நாங்கள் ஆடினோம். லேசாகத் தட்டினாலும் பின்கோட்டைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதும். நுனியை மடித்தால்தான் கொஞ்சம் அடங்கி, கோட்டுக்குள் விழும். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. கழித்துக் கட்டின சாமானைத்தான் தோட்டத்துக்காரர் தலையில் கட்டுவார்கள் என்பது என் கட்சி. அந்த வயதிலேயே நான் அப்படித்தான். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண், என்னைவிட மூத்தவள். டபிள்ஸில் நானும் அவளும் ஜோடி. ஊவா மாகாணத்தில் எங்களை அசைக்க ஆள் இல்லை. பதுளையில் ஜெயித்துக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம், "நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான்டி ஸ்ரீலங்கா டீமுக்கு ஆடணும். நீ இல்லாம நான் போக மாட்டேன்" என்பாள். யாரையும் நம்பாத நான் அந்த ஒரு பேச்சை மட்டும் நம்பித் தொலைத்தேன். எனக்கும் வேறு ஆசை இருக்கவில்லை.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி கொழும்பில் நடந்தது. அந்த ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அக்கா தூக்கிப் போட்டது ஒன்றாவது பின்கோட்டுக்குப் போக வேண்டுமே! எல்லாம் பாதியிலேயே தொங்கிக்கொண்டு விழுந்தது. எதிரே நின்ற இரண்டு பேரும் அதற்கென்றே காத்திருந்தவர்களைப் போல ஓங்கி ஓங்கி அடித்தார்கள். வாங்கியது நான். தோளில், நெஞ்சில், ஒன்று கன்னத்திலேயே பட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா வழக்கம்போல நகத்தால் இறகை மடித்துக்கொண்டிருக்கிறாள். நடுவர் அதட்டியும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. அவளும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். தோற்றோம். கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது, அக்காவுக்கு மட்டும்.

தோற்ற ஜோடியில் ஒருத்தியை மட்டும் எப்படி எடுப்பார்கள்? என் புத்தி அங்கேயே மாட்டிக்கொண்டது. ஆட்டத்துக்கு முதல் நாள் தேர்வுக் குழு அம்மா ஒருவரோடு அக்கா வாசலில் நின்று சிரித்துப் பேசியது ஞாபகம் வந்தது. என்னை மட்டம் தட்டிக் காட்டவே வேண்டுமென்று அரைகுறையாகத் தூக்கிப் போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். "கொழும்புல எவளோ ஏதோ செஞ்சி வச்சிட்டா" என்று என் அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். செய்வினையை நான் நம்பவில்லை. செய்தவள் பக்கத்து லயத்திலேயே இருக்கும்போது கொழும்புக்கு எதற்குப் போக வேண்டும்?

அதன் பிறகு அக்காவை டிவியில்தான் பார்த்தேன். வேறொரு பெண்ணோடு ஜோடி சேர்ந்து நாட்டின் முதலிட டபிள்ஸ் ஜோடியானாள். வெளிநாடுகளில் ஆடினாள், ஒரு கம்பெனி அணிக்கு ஆடினாள், முழங்கால் போனதும் பயிற்சியாளரானாள். பேட்டிகளில் தோட்டத்தைச் சொல்வாள், பழைய ஸ்டோரைச் சொல்வாள். என்னைச் சொல்ல மாட்டாள். பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு என்று சட்டென்று டிவியை நிறுத்துவேன். நான் கல்யாணம் முடித்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன்.

போன வருடம் பதுளையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்த அக்கா வந்தாள். என் மகளும் ஆடுகிறவள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு ஷட்டிலை அடித்துக் காட்டிவிட்டுச் சொன்னாள்: "மலையில காத்து லேசு, புள்ளைகளா. ஷட்டில் பறந்துரும். கொழும்புல காத்து கனம். இதே அடி அங்க பாதியில விழுந்துரும், இன்னும் ஓங்கி அடிக்கணும். இங்க மாதிரி நுனிய மடிச்சீங்க, தொலைஞ்சீங்க."

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருடம் வெந்தேன்? தேநீர் இடைவேளையில் நானாகவே போய்க் கையைப் பிடித்தேன். "அக்கா, அன்னைக்கு நீங்க வேணும்னே விட்டீங்கன்னு நெனச்சிருந்தேன்."

"அடிப்பாவி! நானும் ஒன்னயத்தான் அப்பிடி நெனச்சேன். ஒன் அடியும் பாதியிலதானே விழுந்துச்சு? மாமன் மகனுக்குப் பேசி முடிச்சிட்டாங்க, இவளுக்கு இனிமே ஆட்டம் எதுக்குன்னு விட்டுட்டான்னு இருந்தேன்."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபோது என் பழைய புத்தி தலை தூக்கியது. "இந்தக் காத்து விஷயம் ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"டீமுக்குப் போன மொத மாசமே சொல்லிட்டாங்களே" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு ஜோடி தேடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒன்னயச் சொல்லியிருக்கலாம். கொழும்புப் புள்ள ஒருத்தி நல்லா ஆடுனா. நான் வாயத் தொறக்கல."

ஆட்டத்தைப் பற்றி நான் நினைத்தது தப்பு. அவளைப் பற்றி நினைத்தது தப்பில்லை. சங்கடம் தீர வேண்டுமென்றோ என்னவோ, அவளே பக்கத்தில் நின்ற என் மகளின் தோளில் கை போட்டாள். "நல்ல கை இவளுக்கு. எங்கூட கொழும்புக்கு அனுப்பு. இன்னொரு புள்ள இருக்கா. ரெண்டையும் ஜோடி போட்டா எங்கயோ போயிருவாங்க."

மகள் மூச்சு விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போங்கக்கா" என்றேன். "டபிள்ஸ் மட்டும் வேணாம். சிங்கிள்ஸ்ல போடுங்க."