கெங்கம்மாளின் வலது கை

ஆரணியில் நர்சாக வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் கெங்கம்மாள் அளவுக்குப் பொறாமைப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. பட்டுத் தறியில் நெடுக்கே ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்ததும், அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை. ராஜவேலு முதலாளியின் தறிகளுக்கெல்லாம் அவள்தான். ஓரகத்தி சின்னபொண்ணுவும் அதே வேலை கற்றவள். ஆனால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் கெங்கம்மாளின் வலது உள்ளங்கையில் கரும்பழுப்பாக ஒரு திட்டு வந்தது. வலியில்லை, அரிப்பில்லை. சாயக்கறை என்று நினைத்து, பட்டு நூல் வேகவைக்கும் சோடாவைப் போட்டுத் தேய்த்தாள். திட்டு போகவில்லை. தோல்தான் சொரசொரப்பாகி, இழைகள் சிக்கி அறுந்தன. அடுத்து வந்த சந்தன நிறப் பாவுக்கு முதலாளி சின்னபொண்ணுவை வரச்சொல்லிவிட்டார்.

அன்றைக்கே கெங்கம்மாள் என்னிடம் ஓடி வந்தாள்.

"நர்சம்மா, ஜல்தியா எதனா போடுங்க. என் எடத்துல அவ குந்திகினு கீறா."

"சோடாவா போட்ட? கையா, அழுக்குத் துணியா?"

"எனக்குப் பெருநோயாம். தெரு பூரா சொல்லிகினு திரியிறா."

திட்டின்மேல் ஊசியால் லேசாகக் குத்தினேன். அலறினாள். உணர்ச்சி இருந்தது; குஷ்டமென்றால் மரத்துப்போயிருக்கும். ஆனாலும் வேலூருக்கு அழைத்துப்போனேன். தோல் டாக்டர் பிளேடால் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மேல்தோலோடு நிற்கும் ஒரு பூஞ்சை, அபூர்வமாக வருவது, ஆபத்தில்லை என்றார். தோலை உரிக்கும் களிம்பு தந்தார். உரிந்து ஆறும்வரை பட்டு நூலைத் தொடக்கூடாது.

கெங்கம்மாள் களிம்பை என்னிடமே நீட்டினாள். "அதுவரிக்கும் அவளா? வேணாம். கருப்பு இருந்துட்டுப் போவட்டும்."

"இந்தக் கையோட முதலாளி உன்னை உள்ள விடுவாரா? பூசினா திரும்பிப் போவ. பூசலன்னா எடம் அவளுக்குத்தான்."

பூசினாள். ஆனால் வீட்டில் இருக்கவில்லை. கையில் துணி சுற்றிக்கொண்டு தினமும் சின்னபொண்ணுவின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"முறுக்கா அது? மாடு கட்டுற கவுறாட்டம் கீது."

"உன் கண்ணு படலன்னா நல்லாத்தான் வருது, அக்கா. வூட்டுக்குப் போயேன், பேஜார் பண்ணாம."

கை தெளிந்தது. நானே முதலாளியிடம் காட்டினேன். அவர் சின்னபொண்ணுவை நிறுத்தவில்லை. இருவரும் சேர்ந்தால் தறி சீக்கிரம் ஓடும் என்று, ஆளுக்கொரு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரச் சொன்னார்.

எண்பத்தாறில் நான் ஓய்வுபெறும்வரை அப்படித்தான் நடந்தது. பாதிப் பாவோடு கெங்கம்மாள் ஒருநாளும் நின்றதில்லை. சின்னபொண்ணு தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், இவள் நடுவைத் தாண்டி அவள் பக்கத்து இழைகளை முறுக்கிக்கொண்டிருப்பாள்.