நீலமாகாத சிவப்பு

எண்பதுகளில் வத்வா சாயக் கொட்டகைகளில் வேலை செய்தவர்களுக்கு வருஷம் முழுக்க ஹோலிதான். வியர்வை சிவப்பு, தலையணை சிவப்பு, காறித் துப்பினாலும் சிவப்பு. சில நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். “ரத்தத்துலயே கலர் ஊறிப்போச்சுடா” என்று சிரித்துக்கொள்வோம். முதலாளி தினம் ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார். உள்ளே போன தூசியை அது அடித்துக்கொண்டு வந்துவிடும் என்பார். நாங்களும் நம்பித் தின்றோம்.

எங்கள் கொட்டகையில் தொட்டி ஜெஸிங்பாய் பர்மாரின் பொறுப்பு. சாயத்துக்கு மூலப்பொருளான பென்சிடின் தூள் மூட்டையைப் பிரித்து அமிலத்தில் கொட்டிக் கலக்குவார். தொட்டி சூடேறாமல் ஐஸ் உடைத்துப் போடுவது என் வேலை. அந்தக் கரைசலை சோடா கலந்த அடுத்த தொட்டியில் விட்டால் சிவப்பு கிளம்பும். அதன்மேல் அமிலம் பட்டால் சிவப்பு நீலமாகிவிடும். சோடாவைத் தூவினால் மறுபடி சிவக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் செய்துகாட்டி, வித்தைக்காரன் மாதிரி கையை விரித்து நிற்பார் ஜெஸிங்பாய். பெரிய தமாஷ்காரர்.

அந்தத் தமாஷ் புஞ்சாபாய் இறந்த அன்று நின்றுபோனது. புஞ்சாபாய் ஜெஸிங்பாயோடு அதே தொட்டியில் நின்றவர். துக்கத்துக்குப் போயிருந்தோம். அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “கலர்தான், கலர்தான்னாரு. கடைசி வரைக்கும் கலர்தான்னாரு. டாக்டரு பாத்துட்டு ரத்தம்னாரு.”

திரும்பி வரும் வழியில் ஜெஸிங்பாய் வேலியோரம் ஒதுங்கிப் போய், குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒதுங்கப் போனால் திரும்பி வர நேரமாகும். சாப்பாட்டு நேரத்தில் கம்பு ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மைத்துனி கல்யாணம் என்று லீவு போட்டு தோல்கா பக்கம் மாமனார் ஊருக்குப் போனார். போன காரணம் வேறு என்று திரும்பி வந்துதான் சொன்னார்.

“கலர் படாத எடத்துல இருந்து பாக்கலாம்னுதான் போனேன் கனு. கிணத்துத் தண்ணியில தேச்சுத் தேச்சுக் குளிச்சேன். வேர்வை வெளுத்துப்போச்சு. தலகாணி உறையில ஒரு பொட்டு சாயம் இல்ல. சந்தோஷமா இருந்தேன்டா. கிளம்பற அன்னிக்குக் காலையில மறுபடி செவப்பா போச்சு.”

“பழைய கலர் மிச்சம் இருந்திருக்கும், பாய்.”

“நீயும் புஞ்சாவாட்டம் பேசாதே.”

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். கையில் ஒரு கண்ணாடிக் கிளாஸ், அடியில் கொஞ்சம் சிறுநீர், மங்கலான சிவப்பு. இன்னொரு கையில் அமிலக் குப்பி.

“சாயம்னா நீலமாவும். நீ ஊத்து. எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல.”

கிளாஸையும் குப்பியையும் வாங்கிக்கொண்டேன். சொட்டுச் சொட்டாக விட்டேன். அவர் கிளாஸைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸுக்குள் சிவப்பு கறுத்து, பழுப்பாகி, டீத்தூள் நிறத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். நீலம் வரவில்லை.

“சொல்லேன்டா.”

கிளாஸை அவர் பக்கம் நீட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கிளாஸை வாங்கி மண்ணில் கவிழ்த்தார். “பாபிகிட்ட சொல்லாதே” என்றார்.

பாபி என்று நாங்கள் கூப்பிட்ட அவர் மனைவி ஜீவிபென்னிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. “வேட்டி தோய்க்கறவளுக்குத் தெரியாதா? அவரு வாயால வரட்டும்னுதான் இருந்தேன்” என்றாள். உள்ளே போய் அவர் எதிரில் நின்றாள்.

“ரமிலா அப்பா, காலையில ஆஸ்பத்திரி போறோம்.”

“போனா இருக்குன்னு சொல்லிடுவாங்க, ஜீவி.”

“போகலைன்னா இல்லாமப் போயிடுமா? புஞ்சாபாய் சம்சாரத்துக்கு வளையல ஒடைச்சது நான்தான். என் வளையல எவளும் ஒடைக்க நான் கை நீட்டமாட்டேன்.”

பெரியாஸ்பத்திரியில் விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே நானும் பாபியும் நின்றோம். உள்ளே அவர் போட்ட சத்தத்தில் பாபி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கடல்பாசி மாதிரி சின்னதாக ஒரு புற்றுக்கட்டி மூத்திரப்பையில் முளைத்திருக்கிறது, இன்னும் வேர் இறங்கவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். சாயம் ஏறிய என் நகங்களைப் பார்த்தார்.

“நீயும் அங்கதானா?”

“ஆமா, சாஹேப்.”

“நீயும் வந்து பாத்துக்கோ. கூட இருக்கறவங்களையும் வரச் சொல்லு.”

அன்றிலிருந்து பயம் என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் கண்ணை மூடிக்கொண்டுதான் ஒதுங்குவேன். பிறகு மெல்லத் திறந்து பார்ப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று மழைக்காலம் முழுக்கத் தள்ளினேன். கடைசியில் கொட்டகை ஆட்கள் சேர்ந்து ஒன்றாகப் போனோம். எனக்கு ஒன்றும் இல்லை. சாயத்தூள் அரைக்கும் ரதிலாலுக்கு இருந்தது. அவன் நம்பவில்லை, சூரத்துக்கு வேறு ஆலைக்குப் போய்விட்டான். அங்கிருந்து அவன் மரணச் செய்திதான் வந்தது.

ஜெஸிங்பாய் கொட்டகைக்குத் திரும்பவில்லை. மோர் விற்றார். இரண்டு முறை மறுபடி முளைத்தது, இரண்டு முறையும் வெட்டினார்கள். புற்று தருவது அதுதான் என்று எங்கள் ஆலையிலும் பென்சிடினை நிறுத்தினார்கள். வேறு மூட்டை வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. நானும் வேலையை விட்டேன். வேலையை விட்ட பிறகும் இந்த நோய் வருகிற ஆபத்து வருஷக்கணக்கில் கூடவே இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் வருஷா வருஷம் நாங்கள் இருவரும் போகிற பரிசோதனைக்கு முந்தின நாள் ஜெஸிங்பாய்க்கு இன்னும் சோறு இறங்காது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வருவார்.

“பயம் பழகிடும்னு நெனைச்சேன்டா. பழகவே மாட்டேங்குது.”

“எனக்கும்தான், பாய்.”

“பரவால்ல. ரமிலாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு, பாத்தியா? அதுக்கு அப்படியே என் மூக்கு” என்றார். அதற்குள் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்துவிட்டது.