அவருக்குக் கொடுத்த ஒரு பிடி சோறு

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் வெயிலில் காய்ந்த தகரத்தின்மேல் வெறுங்காலோடு நின்றிருக்கிறார். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. கால் கொப்பளித்திருந்ததை வீட்டில் நான்தான் பார்த்தேன். பச்சிலை வைத்துக் கட்டினோம். ஆறவில்லை. இரண்டு விரல்கள் கறுத்துப்போய் நாற்றம் எடுத்த பிறகு, விழுப்புரத்துக்கு ரயிலேற்றி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சர்க்கரை வியாதி என்றார்கள். அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை.

தினமும் காலையில் நர்ஸம்மா அவருடைய சிறுநீரில் சில சொட்டுகளை நீல மருந்தில் விட்டு, கண்ணாடிக் குழாயில் கொதிக்க வைப்பார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை பரவாயில்லை. செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. அதைப் பார்த்துத்தான் எவ்வளவு ஊசி என்று டாக்டர் சொல்வார். சர்க்கரை இறங்கினால் விரல்களோடு போகும், இறங்காவிட்டால் முழங்கால்வரை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லியிருந்தார். எனக்கு எழுத்துத் தெரியாது. அந்த நிறத்தை மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டேன். குழாயைச் சூடாக்கும் விளக்கை அவர் பற்றவைக்கும்போதே பக்கத்தில் போய் நின்றுவிடுவேன்.

ஆகாரம் கோதுமைக் கஞ்சியும் கீரையும்தான். சோறு கூடாது. நிறம் மெல்லப் பச்சைக்கு வந்தது. ஆனால் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். ஒருநாள் மத்தியானம் என் பக்கம் திரும்பினார்.

"எப்படியும் காலை வெட்டத்தான் போறாங்க. அதுக்கு முன்ன ஒரு பிடி சோறு ஆக்கி எடுத்துக்கினு வாமே. வேற ஒண்ணும் கேக்கல."

ஆஸ்பத்திரிக்கு வெளியே புளியமரத்தடியில் கல் கூட்டி ஆக்கினேன். அன்று சாயங்காலம் நர்ஸம்மா அந்தப் பக்கம் போனதும் ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். ஒரு பிடி என்றவர் சட்டியையே வழித்துவிட்டார். நான் தடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

மறுநாள் காலை குழாயில் செங்கல் நிறம். வெளியிலிருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இல்லை என்றேன். வியாதிதான் முற்றுகிறது என்று நினைத்து அவர் ஊசியைக் கூட்டினார்.

அன்று பார்த்து என் வீட்டுக்காரர் கஞ்சியைத் தொடவில்லை. உச்சிவேளைக்கு முன்னால் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து யாரென்று கேட்டார். நான் ஓடிப்போய் நர்ஸம்மாவின் முன்னால் நின்றேன்.

"நான்தாங்க நேத்து சோறு குடுத்தேன். பொய் சொல்லிட்டேன்."

நர்ஸம்மா தம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்து என் வீட்டுக்காரர் வாயில் ஊட்டப் போனார். சர்க்கரை வியாதிக்காரருக்கா சர்க்கரை என்று பதறி நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கையை வுடும்மா. கூட்டிப் போட்ட ஊசி சர்க்கரைய ஒரேயடியா எறக்கிடுச்சு. இப்ப இது உள்ள போவலன்னா ஆளு தங்கமாட்டாரு."

விட்டேன். சொட்டுச் சொட்டாக உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அவர் கண் தெளிந்து, சட்டை ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டார். நான் முந்தானையால் அவர் கழுத்து வேர்வையைத் துடைத்தேன்.

டாக்டர் வந்து கடிந்துகொண்டார். சோறு கொடுத்ததைவிட மறைத்ததுதான் உயிருக்கு ஆபத்து என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வீட்டுக்காரருக்கு என்னதான் வேண்டும் என்று அவரையே கேட்டார். வந்த நாளிலிருந்து அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

"தினம் கொஞ்சம் சோறுங்க. அவ்ளோதான்."

அடுத்த நாளிலிருந்து மத்தியானக் கஞ்சிக்குப் பதில் ஒரு சின்னக் கிண்ணம் சோறு வந்தது. அதற்குத் தக்கபடி ஊசி போட்டார்கள். அதை அவர் வெகுநேரம் வைத்துச் சாப்பிடுவார். பேச்சும் திரும்பியது. பக்கத்துக் கட்டில்காரரோடு மில் கதையெல்லாம் பேசினார். நிறம் பச்சையில் நின்றது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

மில்லில் அவருக்கு உட்கார்ந்து சாக்கு தைக்கும் வேலை கொடுத்தார்கள். அதன்பின் ஆறு வருஷம் இருந்தார். சண்டை முடியும்வரை சில வாரங்களில் மெட்ராஸிலிருந்து ஊசி மருந்து வராது. வந்ததா என்று நான் தினமும் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் கம்பவுண்டரிடம் போய் நிற்பேன். அவர் அலமாரியைத் திறந்து பார்த்துச் சொல்லும்வரை அந்த வாசலைவிட்டு நகரமாட்டேன்.