சீல் குத்திய கடிதம்

பாலர் பாடசாலையில் கூட்டம். டீச்சர் இருந்தார். பள்ளிவாசல் செயலாளர் இருந்தார். மௌலவி இருந்தார். ஹாட்வெயார் கடை முதலாளி இருந்தார். மிட்வைப் பிள்ளைகளின் தடுப்பூசிக் கொப்பியோடு இருந்தார். நான் இருந்தேன். சவளக்கடைப் பக்கம் வயலுக்குப் பூச்சி எண்ணெய் அடித்துவிட்டு அந்த மணத்தோடு நேரே வந்ததால் வாசலோரக் கதிரையில் இருந்தேன்.

முதலாளியின் மகளுக்குச் சின்னமுத்து என்கிற தட்டம்மை. அவளும் என் மகனும் ஒரே பாயில் இருந்தவர்கள்.

என் மகனுக்கு நாலு வயது. இரத்தப் புற்றுநோய். மருந்து முடியும்வரை சின்னமுத்து ஊசி அவனுக்குப் போடக் கூடாது. டாக்டர் கடிதம் தந்தார். கூட இருக்கும் பிள்ளைகளுக்குப் போட்டிருந்தால் மட்டும் அனுப்புங்கள் என்றும் சொன்னார். சேர்த்த அன்று டீச்சரிடம் கேட்டேன்.

"ஓம் காக்கா, ஊசிக் காட் இல்லாம நாங்க எடுக்கிறல்ல."

நம்பினேன்.

சின்னமுத்து என்று தெரிந்த அன்றே மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். நோயைத் தடுக்க வேறொரு மருந்து ஏற்றினார்கள். கூட்டம் நடந்த அன்றும் உம்மா அவன் சட்டையைக் கழற்றிக் கழற்றி உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிட்வைப்தான் முதலில் கதைத்தார். "முதலாளி, மூணு தரம் ஒங்கட வீட்ட வந்தன். ஊசிக்குப் புள்ளையக் கொண்டு வரல்ல."

"எங்களுக்கு அது மார்க்கத்துல சரிவராது மிஸ். பள்ளிவாசல் கடிதம் குடுத்துத்தான் சேர்த்த."

டீச்சர் பைலில் இருந்து கடிதத்தை எடுத்தார். மௌலவி வாங்கி வாசித்தார்.

"இவர் எமது பள்ளிவாசல் எல்லைக்குட்பட்டவர். நல்லொழுக்கமுள்ளவர். வேண்டிய உதவியைச் செய்து கொடுக்கவும்."

கீழே சீல். ஊசி என்ற சொல்லே அதில் இல்லை.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் இந்தக் கடிதம்தான். கலியாணத்துக்கும் இதுதான், கரண்டுக்கும் இதுதான். அச்சடித்து வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் எழுதுவார்கள். சீலைப் பார்த்தால் யாரும் மேலே வாசிப்பதில்லை. டீச்சரும் வாசிக்கவில்லை.

"எதுக்கெண்டு கேக்கல்லயா?" என்றார் மௌலவி.

"வாறவன் போறவன் எல்லாரிட்டயும் கேட்டுக்கிட்டு இரிக்கேலுமா?" என்றார் செயலாளர்.

"என்ட நாலு புள்ளைக்கும் ஊசி போட்டிரிக்கி. அப்ப என்ட மார்க்கம் என்ன மார்க்கம்?" மௌலவி முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "எல்லாம் தக்தீர் தம்பி. வாறது வந்துதான் தீரும்."

"ஒங்கட கடை சிமெந்துக்கு மழை வந்தா படங்கு போடுறீங்களே முதலாளி. அதையும் தக்தீருக்கு விடுங்களன்" என்றேன்.

மிட்வைப் கொப்பியால் வாயை மறைத்தார்.

டீச்சர் குரலைத் தணித்தார். "காக்கா, ஒங்கட டாக்டர்ட கடிதம் இங்கிலீசுல இரிக்கி. எங்களுக்கு வெளங்கல்ல. நீங்களும் பள்ளியில ஒரு கடிதம் எடுத்துத் தந்தா பைல் சரி."

செயலாளர் பேனையை எடுத்தார். அடித்துவிடுவேன் என்று பயந்து கையைக் கதிரைக்குக் கீழே வைத்தேன்.

"டீச்சர், ஊசிக் காட் எத்தின, பள்ளிக் கடிதம் எத்தின? எண்ணுங்க" என்றேன்.

மிட்வைப் எண்ணினார். காட் பதினாறு. கடிதம் ஐந்து.

"அந்த அஞ்சு பேருக்கும் எப்ப ஊசி போடுவீங்க?" என்று கேட்டேன்.

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். மற்றவர்கள் முதலாளியைப் பார்த்தார்கள். பாலர் பாடசாலைக் கூரை அவர் போட்டுக் கொடுத்தது.

மகனின் தண்ணிப் போத்தல் சுவர்த் தட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவனுக்குச் சின்னமுத்து வரவில்லை. முதலாளியின் மகள் சுகமாகிப் பாடசாலைக்குப் போனாள். அவனை நாங்கள் அனுப்பவில்லை. வாசலில் வேன் சத்தம் கேட்டால் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். புதுச் சப்பாத்து.

அவன் பாடசாலைக்குப் போனது மொத்தம் பதினொரு நாள்.