டைகருக்கு ஒரு வேண்டுதல்

மருத்துவர் கொடுத்த ஷாம்பூவை என் நாய்க்குத் தேய்த்ததும் கந்தக நெடி மூக்கில் ஏறியது. அரிப்புக்கு இன்னும் அதே மருந்துதானா!

என் சின்ன வயதில், மலேசியாவின் தம்பின் ஊர்த் தோட்டத்தில், ரப்பர் மரங்கள் இலை கொட்டும் காலத்தில் எங்கள் நாய் டைகர் ஓயாமல் சொறிவான். மரத்துக்கு அடிக்கும் கந்தகத் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அப்பா பூசிவிடுவார். மாரியம்மன் திருவிழாவன்று, கொடியில் தொங்கிய அப்பாவின் வெள்ளை வேட்டியில் டைகர் ஆசைதீர முதுகைத் தேய்த்துவிட்டான். வேறு வேட்டி இல்லாததால் அப்பா அதையே கட்டிக்கொண்டார். அம்மா கோயில்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

“என்னண்ணே, மஞ்சள் வேட்டி? யாருக்கு வேண்டுதல்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“நம்ம டைகருக்குத்தான்லா. அரிப்பு நிக்கணும்,” என்றார் அப்பா.

அம்மா சட்டென்று கண்ணை மூடிக் கும்பிட்டார். “ஆத்தா, அவனுக்குச் சீக்கிரம் சொகமாக்கிடு.”

என் நாய் உடம்பைச் சிலுப்பியது. சட்டையெல்லாம் கந்தக நுரை. எனக்கும் கும்பிடத் தோன்றியது.