லோர்னா பெட்ரி கைவிட்ட செவ்வாய் விருந்து

லோர்னா பெட்ரி எங்கள் சேவைக் கழகத்தின் தலைவர். வயது எழுபத்தொன்று. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு ஆட்டுக்கறி ரோஸ்ட் அவர் கையால்தான். தவறியது இரண்டே முறை. இரண்டும் கணவர் ரெக்ஸ் மருத்துவமனையில் கிடந்தபோது. ரெக்ஸ் போன பிறகு, அவர் பிறருக்குச் சமைத்தது வாரத்தில் அந்த ஒரு நாள்தான்.

2018 மே மாதம் நாங்கள் ஆறு பேர். ஜூன் 30க்குள் பத்துப் பேர் ஆகாவிட்டால் கழகத்தைக் கலைத்துவிடுவதாகத் தலைமையகம் எழுதியிருந்தது.

அந்த மாதம், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளும் மீன் பிடிக்கட்டும் என்று எங்கள் ஊர் மர்ரே ஆற்றுத் துறையில் சாய்தளம் கட்டினோம். லோர்னா முகநூலில் ஆள் கேட்டார். நான்கு சனிக்கிழமைகளும் பதினொரு இளைஞர்கள் வந்து கான்கிரீட் போட்டார்கள். கடைசி நாள் அவர் உறுப்பினர் படிவங்களை நீட்டினார். ஒருவரும் வாங்கவில்லை.

"அடுத்த வேலைக்கும் கூப்பிடுங்க லோர்னா, வர்றோம்," என்றாள் அவர்களில் ஒருத்தியான நர்ஸ் டீகன், பூட்ஸில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டியபடி. "செவ்வாய்க்கிழமை சாப்பாடுதான் முடியாது. ஆறரை மணிக்கு ரெண்டு வாண்டுகளையும் குளிப்பாட்டணும்."

"ஒருநாள் வந்தியே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"ரோஸ்ட் நல்லா இருந்துச்சு. அப்புறம் ரெண்டு மணி நேரம் அறிக்கை. பக்கத்துல உங்க காலின் குறட்டையே விட்டாரு."

லோர்னா சிரித்தார். படிவங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 12 அன்று ரோஸ்டைப் பரிமாறிவிட்டு அவரே தீர்மானம் கொண்டுவந்தார்: இனி விருந்து இல்லை. சனிக்கிழமை காலை, வேலை நடக்கும் இடத்திலேயே, நின்றபடி பத்து நிமிடக் கூட்டம்.

"ரோஸ்ட் இல்லாத கிளப்பா?" என்றார் எங்கள் ஆறு பேரில் ஒருவரான காலின். "அப்ப நான் புதுப் பல்லு கட்டினது எதுக்கு?"

"உன் பொண்டாட்டி சமையலைச் சாப்பிட."

"அதுக்குப் பல்லே வேண்டாம்மா."

"உனக்கு வருத்தமா இல்லையா லோர்னா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கு. அதுக்காகக் கிளப்பை மூடவா? கையைத் தூக்கு."

ஆறு கைகளும் உயர்ந்தன. காலின் இன்னொரு துண்டு கறி எடுத்துக்கொண்ட பிறகே தூக்கினார்.

ஜூன் 16 கூட்டம் ஆற்றங்கரையில் 8.04க்குத் தொடங்கி 8.13க்கு முடிந்தது. டீகன் உட்பட ஐந்து பேர் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். பதினொரு பேர் ஆனோம், கெடுவுக்குப் பதினான்கு நாள் முன்பே.

அடுத்த செவ்வாய் மாலை பழக்க தோஷத்தில் நான் மண்டபத்துக்குப் போனேன். பூட்டிய கதவின் முன்னால் லோர்னா நின்றிருந்தார்.

"நீயுமா?" என்றார்.

மீனும் சிப்ஸும் வாங்கி, அவர் காரில் உட்கார்ந்து தின்றோம். சனிக்கிழமை வருவதாகச் சொன்னவர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல, எண்ணெய் படிந்த காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். ஒன்பது பெயர்கள்.

"மெல்ல எழுது," என்றார் லோர்னா. "வீட்டுக்குப் போக என்ன அவசரம்? இன்னும் ரெண்டு பேரைக் கேட்கணும்."